ஒரு நாள் பொறுத்த மருந்து

அறுவை மருத்துவர் சிக்கந்தருக்கு ஐம்பத்தேழு வயது. தன்னைவிட இருபது வயது இளையவரான கிருமியியல் மருத்துவர் பூங்கோதையிடம் பாடம் கேட்க வந்திருந்தார். வரவைத்தது ஒரு முழங்கால்.

அது பஸ் டிரைவர் இசக்கிமுத்துவுடையது. செயற்கை மூட்டு வைத்த இடத்தில் இரண்டு வகைக் கிருமிகள் சேர்ந்து குடியேறி, குளத்துப் பாசி போல வழவழவென்று ஒரு படலம் கட்டியிருந்தன. எட்டு மாதமாக எந்த மருந்தும் அதற்குள் இறங்கவில்லை. இனி மிச்சமிருந்தது காலை வெட்டுவதுதான்.

"இதுல ஒரு வகையைக் கொல்ற வைரஸ் நம்மகிட்ட இருக்கு. ஃபேஜ்னு பேரு. மனுஷங்களை அது ஒண்ணும் செய்யாது," என்றார் பூங்கோதை.

"இன்னொரு வகைக்கு?"

"அதுக்கு உங்க மருந்துதான். வைரஸ் படலத்தை உடைச்சுட்டா மருந்து உள்ளே போகும்."

"அப்போ ரெண்டையும் இன்னைக்கே கொடுத்துடலாமே?"

பூங்கோதை இசக்கிமுத்துவின் கிருமிகளை இரண்டு கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தார். ஒன்றில் வைரஸையும் மருந்தையும் ஒன்றாக விட்டார். மற்றதில் முதலில் வைரஸ், மறுநாள் மருந்து. பிறகு சிக்கந்தரை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தார்.

முதல் தட்டில் படலம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இரண்டாவதில் அங்கங்கே சில திட்டுகள் மட்டும்.

"மருந்து ரெண்டுலயும் ஒரே அளவா?"

"ஒரே அளவுதான் சார்."

"பின்னே ஏன்?"

"கிருமி உயிரோட வளர்ந்துக்கிட்டு இருந்தாத்தான் அதுக்குள்ள வைரஸ் பெருகும். மருந்து உடனே போய் அந்த வளர்ச்சியை நிறுத்திடுது."

சிக்கந்தர் மறுபடியும் குனிந்து பார்த்தார். கிருமியைக் கண்ட நிமிடமே கொல்லத்தான் முப்பது வருடமாக அவர் கை பழகியிருந்தது.

மறுநாள் மூட்டைத் திறந்து கழுவி, வைரஸை மட்டும் உள்ளே விட்டார்கள். மதியம் இசக்கிமுத்துவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டது.

"ஏதாவது போடுங்க டாக்டர்," என்று முனகினார்.

சிக்கந்தர் மருந்து ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். பூங்கோதை ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். இறங்கவில்லை; அது இறங்கினால்தான் உயிருக்கு ஆபத்து.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க சார்."

பொறுத்தார். ஊசியைக் கீழே வைத்தார். மறுநாள் காலையில்தான் மருந்து ஏறியது.

ஏழாவது வாரம் இசக்கிமுத்து மனைவியிடம் இரண்டு செருப்பையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி வாசலுக்கு நடந்தார்.

அவர் போவதைப் பார்த்தபடி சிக்கந்தர் கேட்டார்: "அந்த ஒரு நாள் பூராவும் உங்களுக்குப் பயமே இல்லையா மேடம்?"

"இருந்துச்சு சார். அதனாலதான் அவர் கட்டில் பக்கத்துலேருந்து நான் எழுந்திரிக்கவே இல்லை."