எதிரில் நிற்பவன் குற்றவாளி

மகாராஜா காலத்தில் கூடைப்பந்து ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். தென்மருதை நாட்டில் இருந்தது. வீரகேது மகாராஜாவுக்கு அதன்மேல் அப்படி ஒரு பைத்தியம். வரி, வழக்கு, வாய்க்கால் தகராறு எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான்.

அரண்மனை அணிக்குத் தலைவர் சித்திரசேனன், ராணியின் தம்பி. அவருக்குப் பந்து போடத் தெரியாது, விழத் தெரியும். எதிரணி ஆள் பக்கத்தில் வந்தால் போதும், சுருண்டு விழுவார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு களம் முழுக்க உருளுவார். இடித்தது ஆளா, யானையா என்று பார்ப்பவர்களுக்கே சந்தேகம் வரும்.

எது அடிபட்டு விழுவது, எது நடிப்பு என்று நடுவர்கள் தினமும் தலையைச் சொறிந்தார்கள். ராஜா ஒரே விதியில் தீர்த்துவைத்தார்.

"விழுந்தவன் பாதிக்கப்பட்டவன். அவன் எதிரில் நிற்பவன் குற்றவாளி. ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டும் வெளியே, கோட்டையைவிட்டும் வெளியே."

சபை கைதட்டியது. சபைக்கு வேறு வேலை என்ன?

அன்று மாலையே மாட்டிக்கொண்டவன் எதிரணியில் ஆடிய கோட்டைக் காவலன் மலையாண்டி. கையைத் தூக்கினால் கூடையைத் தொடும் உயரம். அவனைத் தாண்டிப் பந்து போட முடியாது என்று சித்திரசேனனுக்குத் தெரியும். அதனால் போடவே இல்லை. அவன் முன்னால் போய்ப் போய் விழுந்தார். பாதி ஆட்டத்துக்குள் ஐந்து ஃபவுல். மறுநாள் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு கோட்டையைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அவன் நேராக அரசவை விகடர் சடையனாரிடம் வந்து நின்றான்.

"சாமி, நான் அவரைத் தொடவே இல்லீங்க. என் கை ரெண்டும் மேலதான் இருந்துச்சு. பச்சப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போவேன்?"

சடையனார் உடனே ராஜாவிடம் போனார்.

"அரசே, அற்புதமான விதி. இது களத்துக்கு மட்டும்தானா?"

"நியாயம் இடத்துக்கு இடம் மாறுமா, சடையனாரே? கோட்டைக்குள் எங்கும் இதுதான்."

"யாருக்காவது விலக்கு?"

"எனக்கே விலக்கில்லை" என்று ராஜா மீசையை முறுக்கினார்.

"அப்படியானால் நாளை ஒருநாள் நானே நடுவராக இருக்கிறேன். விசிலை மட்டும் கொடுங்கள்."

ராஜா பூரித்துப்போய்க் கொடுத்தார்.

மறுநாள் காலை ராஜா சபைக்கு வந்து சிம்மாசனத்தின் முன் நின்றார். அந்த நாட்டு வழக்கப்படி சபைப் பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். ராஜா 'எழுந்திருங்கள்' என்று சொல்லும்வரை யாரும் எழக் கூடாது. முதலில் மந்திரி விழுந்தார்.

விசில் அலறியது.

"ஃபவுல். மகாராஜாவுக்கு ஒன்று" என்றார் சடையனார்.

"என்ன விளையாட்டு இது?"

"விழுந்தவர் மந்திரி. எதிரில் நிற்பவர் தாங்கள்."

"நான் அவரைத் தொடவே இல்லையே."

"மலையாண்டியும் அதைத்தான் சொன்னான்."

ராஜா பதில் சொல்வதற்குள் சேனாதிபதி பழக்கதோஷத்தில் விழுந்தார். விசில். புரோகிதர் விழுந்தார். விசில். பொக்கிஷக்காரருக்கு மற்றவர்களைவிடப் பணிவாக விழ வேண்டுமே என்ற ஒரே கவலை. எதையும் கவனிக்காமல் தொப்பென்று விழுந்தார். விசில்.

"நாலு ஆகிவிட்டது, அரசே. இன்னும் ஒன்று ஆனால் தாங்கள் கோட்டையைவிட்டுக் கிளம்ப வேண்டும். பல்லக்குக்குச் சொல்லட்டுமா?"

அடுத்து சித்திரசேனன். அவர் அதற்குள் முழங்காலை மடக்கிவிட்டார்.

"விழாதே!" என்று ராஜா கத்தினார்.

பாவம், மனிதர் பாதி வளைந்தபடி அப்படியே நின்றார். விழுந்தால் அத்தானுக்கு நாடு போகும். விழாவிட்டால் ராஜ அவமதிப்பு. தொடை வெடவெடவென்று நடுங்கியது.

"அத்தான், ரொம்ப நேரம் தாங்காது."

"மூச்சு விடாமல் நில்."

"மைத்துனருக்கு விழாமல் நிற்கவும் வருகிறதே" என்றார் சடையனார்.

ராஜா கோபமாகத்தான் திரும்பினார். ஆனால் சித்திரசேனன் நின்ற கோலம் கண்ணில் பட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மலையாண்டியை மறுபடி காவலுக்கு அழைக்கச் சொன்னார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சடையனாருக்குப் போட்டார்.

"விதியை மாற்றிவிட்டேன். கை பட்டதை நடுவர் கண்ணால் பார்த்தால்தான் இனி ஃபவுல். பொய்யாக விழுகிறவன் எவனோ, அவனுக்கே தண்டனை. களத்துக்கு மட்டுமல்ல, இந்தச் சபைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

'எழுந்திருங்கள்' என்று ராஜா இன்னும் சொல்லவில்லை. அவர் காலடியில் கிடந்த நால்வரும் மளமளவென்று எழுந்து நின்றார்கள்.