இரண்டு மெஷின்களும் ஒரு ஜமக்காளமும்

ஏலகிரி மலையில் மங்கையர்க்கரசி அம்மாவின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சத்சங்கம் முடிந்ததும் கூடத்தில் விரித்த ஜமக்காளங்களை மடித்து வைக்க வேண்டும். எல்லாம் நீள நீளமான ஜமக்காளங்கள். அம்மாதான் குரு. அவரிடம் கேள்வி கேட்க விரும்புபவர் ஒரு முனையைப் பிடிப்பார். குரு மறுமுனையைப் பிடிப்பார். மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வருவார்கள். மடித்து முடிப்பதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

அதனால் அங்கே யாரும் வளவளவென்று பேசுவதில்லை. சிவநேசன் மட்டும் விதிவிலக்கு.

சிவநேசனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. வருகிற உதிரி பாகங்களை அளந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று பிரித்து வைப்பதுதான் அவர் பிழைப்பு. அளக்க முடியாத எதைக் கண்டாலும் அவருக்குப் பயம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரையும் போல அவரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அவருக்கு ஒரு கையில் ஜமக்காளம், மறு கையில் போன்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“சொல்லுங்க.”

“வீடியோ கேம் மெஷின் வாங்கும்போது அதோட டெக்னிக்கல் விவரமெல்லாம் முக்கியமா, இல்லையா?”

அந்தக் கூடத்தில் மரணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கர்மத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மாமியாரைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். இது புதிது. பக்கத்தில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. குருவுக்கு வரவில்லை. சிவநேசன் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

“யாருக்கு வாங்குறீங்க?”

“என் பொண்ணு நிரஞ்சனாவுக்கு. நாங்க பிரிஞ்ச பிறகு அவங்க அம்மாகூடச் சேலத்துல இருக்கா. மாசத்துல ஒரு சனி, ஞாயிறு என்கிட்ட வருவா. வர்ற சனிக்கிழமை வர்றா. அதுக்குள்ள வாங்கியாகணும்.”

முதல் மடிப்புக்கு இருவரும் கையைத் தூக்கினார்கள். போன் பிடித்த கையில் ஜமக்காளத்தின் மூலை நிற்கவில்லை, நழுவி விழுந்தது. சிவநேசன் குனிந்து எடுத்தார். போனைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

“ரெண்டு மெஷின் பாத்து வச்சிருக்கேன்மா. கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. கறுப்பு நொடிக்கு நூத்தியிருபது படம் காட்டும். வெள்ளை அறுபதுதான். ஆனா வெள்ளையில இடம் ஜாஸ்தி, நிறைய கேம் ஏத்தி வைக்கலாம். கறுப்புல ஃபேன் சத்தம் கேக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கேக்கவே இல்லைன்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்புறது?”

“நூத்தியிருபது படம்னா என்ன?”

குரு தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சிவநேசனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“படம் படமாத்தாம்மா எல்லாம் ஓடுது. நொடிக்குள்ள எத்தனை படம் வருதோ அத்தனை நல்லா இருக்கும். திரையில ஓடுற ஆளு விட்டு விட்டுத் தெரிய மாட்டான். பட்டனை அழுத்தின உடனே குதிப்பான்.”

“அப்போ விவரம் முக்கியம்தானே. சும்மாவா எழுதி வச்சிருக்காங்க?”

“அதான் பயமா இருக்கு. தப்பானதை வாங்கிட்டேன்னா?”

“கடையில மாத்திக் குடுக்க மாட்டாங்களா?”

“மெஷினை மாத்திக் குடுப்பாங்கம்மா.”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த போனையே பார்த்தார். பாய் சுருட்டிய கைகள் நின்றுவிட்டன.

“போன தடவை வந்தப்ப ஞாயித்துக்கிழமை காலையிலயே கேட்டா, அப்பா, மத்தியானப் பஸ்ஸுக்கே போயிடவான்னு. சாயங்காலம்தான் போகணும் அவ. ஏன்மான்னேன். ஒண்ணுமில்லப்பா, போரடிக்குதுன்னா. நானே கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தி விட்டேன். இப்ப அவங்க அம்மா போன்ல சொல்லிட்டாங்க. இந்தத் தடவை வந்துட்டுப் போகட்டும், அதுக்கப்புறம் வர்றதா வேண்டாமான்னு அவளே முடிவு பண்ணட்டும்னு.”

“நியாயமாத்தானே சொல்லியிருக்காங்க.”

“நியாயம்தாம்மா. அதான் தூக்கம் வரல.”

அடுத்த மடிப்பு மடித்தார்கள். இந்தத் தடவையும் சிவநேசன் பக்கம் கோணிக்கொண்டது.

“போன தடவை ரெண்டு நாளும் அவ என்ன பண்ணினா?”

“சோபாவுல உக்காந்து போன்ல ஏதோ கேம் ஆடிக்கிட்டிருந்தா.”

“நீங்க?”

“நான் பக்கத்துலயேதாம்மா இருந்தேன். எங்கேயும் போகல. ஆபீஸ் போன் வந்தாக்கூட எடுக்கல. நடுவுல தோசை சுட்டுக் குடுத்தேன். மத்த நேரமெல்லாம் அவளையே பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

இதைச் சொல்லும்போது அவருக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

போன் அடித்தது. கடைக்காரர். பதறி எடுத்ததில் ஸ்பீக்கர் போட்டுவிட்டார். கூடமே கேட்டது.

“சார், ரெண்டுல எதை எடுத்து வைக்கட்டும்? ரெண்டுமே ஒண்ணொண்ணுதான் இருக்கு. வேற ஆளு வந்து நிக்கிறாங்க.”

“கொஞ்சம் பொறுங்க. இப்பச் சொல்லிடறேன். யாருக்கும் குடுத்துடாதீங்க.”

வைத்துவிட்டுச் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மலைக்காற்று சில்லென்றுதான் வீசிக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா. கறுப்பா, வெள்ளையா?”

“பெட்டியைத் திறந்தா உள்ள என்னென்ன இருக்கும்?”

இது அவருக்கு மனப்பாடம். “மெஷின், கரன்ட் வயர், டிவியில சொருகுற வயர், ஒரு கன்ட்ரோலர்.”

“கன்ட்ரோலர்னா?”

“கையில பிடிச்சு ஆடுறதும்மா. பட்டனெல்லாம் அதுலதான் இருக்கும். அது இல்லாம ஒண்ணும் ஆட முடியாது.”

“கறுப்புல எத்தனை வரும்?”

“ஒண்ணு.”

“வெள்ளையில?”

“அதுலயும் ஒண்ணுதான். வித்தியாசம் இல்லைங்கறதால அதை நான் ஒப்பிட்டே பாக்கல.”

“அது யார் கையில இருக்கும்?”

சிவநேசன் சிரித்தார். அன்று முதல் தடவையாக.

“அவ கையிலதான். எனக்கு அதெல்லாம் ஆட வராதும்மா. ஆடித் தோத்தா, இந்த அப்பாவுக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைச்சுக்குவா. ஏற்கெனவே கொஞ்சம்தான் மரியாதை இருக்கு. நான் பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்.”

குரு தன் கையிலிருந்த முனையைத் தரையில் வைத்தார். மெதுவாக நடந்து வந்து சிவநேசன் அருகில் நின்றுகொண்டார்.

“என்னம்மா?”

“நீங்க மடிங்க.”

“நான் மட்டுமா?”

“மடிங்க.”

குரு சொன்னால் மறுபேச்சு இல்லை. சிவநேசன் போனைச் சட்டைப்பையில் போட்டார். இரண்டு கையாலும் தன் முனையைத் தூக்கினார். அந்தப் பக்கம் அசையாமல் கிடந்தது. ஓடிப்போய் அந்த முனையை எடுத்தார். இந்தப் பக்கம் சரிந்தது. ஒரு முனையை முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தார். நடுவில் சுருக்கம் விழுந்தது. மோவாய்க்குக் கீழே ஒரு மூலையை இடுக்கிக்கொண்டு கையை விரித்துப் பார்த்தார். கை எட்டவில்லை. அதுவரை மடித்திருந்த இரண்டு மடிப்பும் கலைந்து, ஜமக்காளம் அவர் காலடியில் மூட்டையாகக் கிடந்தது. பாய் சுருட்டியவர்கள் இப்போது சிரிக்கவில்லை. ஒருவர் உதவிக்கு எழுந்தார். குரு அவரைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

சட்டைப்பைக்குள் போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

“அம்மா, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன். தனியா வர மாட்டேங்குது.”

குரு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“நான் பக்கத்துலயேதான் இருக்கேன், சிவநேசன். எங்கேயும் போகல.”