முறம் ஏந்திய அலர்மேலு

முன்னொரு காலத்திலே, மூன்று ஆறுகள் கூடும் மருதவாய் நாட்டிலே, திருமேனி என்றோர் ஓவியன் இருந்தான். அவன் கிளி வரைந்தால் பூனை பாயும். தீ வரைந்தால் பிள்ளைகள் குளிர்காய வருவார்கள். அவன் மனைவி பெயர் அலர்மேலு.

அரண்மனைச் சுவருக்குக் குடும்பப் பெண் ஒருத்தியின் படம் வேண்டுமென்று அரசன் கேட்டான். திருமேனி மனைவியை அடுப்படியில் உட்காரவைத்து, கையில் முறத்தைக் கொடுத்து, வரையத் தொடங்கினான்.

முதல் நாள், "அந்தக் கைத்தழும்பை மறை" என்றான். அவன்மேல் கவிழ இருந்த கஞ்சிப் பானையை அவள் தாங்கிப் பிடித்ததில் வந்த தழும்பு அது. இரண்டாம் நாள், "நரை தெரியுது, பூவை இழுத்து வை" என்றான். மூன்றாம் நாள், "சிரி" என்றான்.

"முதுகு வலிக்குதுங்க."

"வலிச்சா வலிக்கட்டும். சிரி."

படம் முடிந்தது. அதில் தழும்பில்லை, நரையில்லை, வலியில்லை.

அன்று தண்ணீர் கேட்டு வந்த மந்திரவாதி ஒருவன் படத்தைப் பார்த்தான். அதைத் திருமேனி பார்க்கிற பார்வையையும் கவனித்தான்.

"ஓவியரே, மூணு தடவை கேட்பேன், யோசிச்சுச் சொல்லும். படத்துல இருக்கிற இவதான் உம்ம பெண்டாட்டியா?"

திருமேனி சிரித்தான்.

"இவதான் உம்ம பெண்டாட்டியா?"

திருமேனி திரும்பி அலர்மேலுவைப் பார்த்தான். ஈர விறகை ஊதி ஊதி அவள் கண் சிவந்திருந்தது.

"இவதான் உம்ம பெண்டாட்டியா?"

"ஆமாம், இவதான்."

அலர்மேலு காதில் அது விழுந்தது. ஊதுகுழலைக் கீழே வைத்து நிமிர்வதற்குள், படத்திலிருந்து முறத்தோடு ஒருத்தி இறங்கி நின்றாள். திருமேனி அலர்மேலுவை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான்.

அவள் அரசனிடம் முறையிட்டாள். அரசன் இருவரையும் நிறுத்தி மூன்று கேள்வி கேட்டான்.

"ஓவியனுக்கு என்ன கறி பிடிக்கும்?" இருவரும் சரியாகச் சொன்னார்கள்.

"அவனுக்கு எதில் பயம்?" அதையும் சரியாகச் சொன்னார்கள்.

"சரி, உனக்கு என்ன பிடிக்கும்?"

"அவருக்குப் பிடிச்சதெல்லாம்" என்றாள் படத்துப் பெண். சபை கைதட்டியது.

"மத்தியானம் ஒரு நாழிகை யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தா பிடிக்கும்" என்றாள் அலர்மேலு. சபை சிரித்தது. தீர்ப்பு அதோடு முடிந்தது.

அலர்மேலு ஊர்க்கோடிச் சத்திரத்தில் சோறாக்கிப் பிழைத்தாள். உலை கொதிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணைச் சபித்தாள்.

ஒரு மாதம் கழித்து, நல்ல வெயிலில், அவளே வந்து நின்றாள். கையில் அதே முறம், முகத்தில் அதே சிரிப்பு. சிரித்த வாய்க்கு மேலே கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அக்கா, இந்த முறத்தைக் கீழே வைக்க முடியல. தூங்கும்போதும் சிரிக்கிறேன். கன்னம் வலிக்குது. அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கார். ஒரு வார்த்தை கேட்கறதில்ல."

அலர்மேலுவுக்கு வாய்வரை வந்த வசவு வெளியே வரவில்லை.

"நான் என்னம்மா செய்யணும்?"

"ஈரத்துணியால துடைச்சா நான் அழிஞ்சிடுவேன். எனக்குக் கை ஒழியல. நீங்க செய்யுங்க."

"அழிஞ்சா நீ இருக்க மாட்டியே."

"இப்போ மட்டும் இருக்கேனா?"

அலர்மேலு முந்தானையை நனைத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல் முதலில் அந்தச் சிரிப்பைத் துடைத்தாள். வாய் ஓய்ந்தது. "அப்பாடா" என்றாள் அவள். பிறகு கன்னம் கரைந்தது, கழுத்து கரைந்தது, விரல் கரைந்தது. முறம் தரையில் விழுந்தது.

பின்னாலேயே தேடி ஓடிவந்த திருமேனி மண்டியிட்டு, தரையில் ஓடிய வண்ணத்தை இரு கையாலும் அள்ளினான்.

"எப்படி மனசு வந்தது உனக்கு?" என்று அழுதான். அலர்மேலுவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செய்தி கேட்ட அரசன் வெட்கினான். மாயம் கலைந்தது, தீர்ப்பு மாறியது. ஓவியன் நாடு கடந்து போனான். ஆற்றங்கரையில் ஒரு வீடு அலர்மேலுவுக்குச் சொந்தமாயிற்று. ஊரார் அவளை வாழ்த்தினார்கள், கதை சொல்பவர்கள் புகழ்ந்தார்கள். நானும் புகழ்கிறேன்.

ஆனால் ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க எவ்வளவு அரிசி என்பது அவள் கைக்குப் பிடிபட மூன்று மாதம் ஆயிற்று.