பைபாஸில் போன வண்டி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எங்கள் மடத்தின் குரு அருளம்மைக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் சீடராக வந்த செம்புலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. நான் மடத்துச் சமையல்காரி, இரண்டு பேரையும் நன்றாகத் தெரியும்.

செம்புலிங்கம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுகிற வேலை. ஊருக்கே நேரம் சொல்கிற மனுஷனுக்கு வீட்டுக்கு மட்டும் நேரம் கிடையாது. கண் மங்குகிறது என்று அவர் மனைவி பேச்சித்தாய் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் "சரி, சரி" என்றே பதில் வந்தது. பேச்சித்தாய் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷனே செய்துகொண்டு வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத்தான் இவருக்கு விஷயமே தெரிந்தது.

அன்றைக்கு மடத்தில் வந்து அழுதாரே ஒரு அழுகை! இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் இருக்கிறது, அதற்காவது கூடப் போகிறவன் நானாக இருக்க வேண்டும் என்றார்.

அருளம்மை சொன்னது ஒன்றுதான். டியூட்டி முடிந்ததும் கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து அன்றைய பொழுதை நினைத்துப் பார்க்க வேண்டும். தினமும்.

பதினோரு நாள் ஒழுங்காக உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள் திருவிழாக் கூட்டம். மறுநாள் இன்னொரு டைம் கீப்பர் லீவு. அப்புறம் அது அப்படியே விட்டுப் போனது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் அருளம்மையும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்தான் இருக்கிறதாம், அதுவரைக்கும் இந்த உட்காருகிற வேலைக்கு விடுப்பு வேண்டுமாம். உட்கார்ந்த நாளிலும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லையாம்.

அருளம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார். முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், மனுஷன் கொட்டித் தீர்த்துவிட்டார். காலை ஏழே முக்கால் வண்டி ஸ்டாண்டுக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விட்டதாம். டிரைவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு நேரே இங்கே வருகிறாராம். இருபது நிமிஷம் லேட் சார், அந்நேரம் உங்க ஸ்டாண்டில் யார் ஏறுகிறார்கள் என்று அந்த டிரைவர் போனில் கெஞ்சினாராம்.

"யாரும் ஏறலைன்னா எதுக்கு உள்ள வரணும்?" என்றார் அருளம்மை.

"என்னம்மா இப்படிக் கேக்கீங்க? ஆள் இருக்கா இல்லையான்னு பைபாஸில போறவனுக்கு எப்படித் தெரியும்? பத்து நாள் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பதினோராம் நாள் ஒருத்தர் நம்பி நிப்பாங்க. இன்னைக்குப் பரீட்சைக்குப் போற பிள்ளை ஒண்ணு நின்னுச்சு."

"லேட்டாயிட்டா?"

"லேட்டானாலும் உள்ள வந்துட்டுத்தான் போகணும்."

அருளம்மை ஒரு முற்றின தண்டை ஒடித்துப் போட்டார்.

"சரி. உங்களுக்கு ரெண்டு வருஷம் விடுப்பு கொடுத்தாச்சு. அந்த டிரைவருக்கும் ரெண்டு வருஷம் கொடுத்திடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். செம்புலிங்கம் என்னைக் கவனிக்கவே இல்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கீரையை ஆய்ந்து, அலசி, அரிந்தும் முடித்தோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"அம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "காலையில பேச்சி வாசல் வரைக்கும் வந்தா. என்னமோ சொல்ல வந்தா."

"என்னது?"

"தெரியலை. டிபன் பாக்ஸை வாங்கிட்டு ஓடிட்டேன்."

அருளம்மைக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"இங்க என்ன பண்றீங்க? போங்க. அவங்க இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பாங்க."