பாட்டிலில் வந்த பங்காளி

இந்த அநியாயத்தைக் கேளுங்கள், எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஓசூரில் நுண்ணுயிர் உரம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் விற்பனை படுத்துவிட்டது. கூட்டுச் சேர வந்த பெரிய முதலாளி சக்கரபாணி ஒரு பாட்டிலைக் காட்டினார்.

"விளைச்சலை இரட்டிப்பாக்குற நுண்ணுயிர். திறந்து சோதிக்கக் கூடாது. பாதிக் கம்பெனியை இன்னைக்கே எழுதிக் குடுங்க."

டீ போடும் செல்லக்கனி பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க எடுத்துப் போனாள். முதலாளியம்மா வாசுகி பேனாவைத் திறந்தார். அதற்குள் செல்லக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ சார், மோருன்னு நெனச்சு உங்க பாட்டிலைக் குடிச்சிட்டேன்! போலீசைக் கூப்பிடுங்க, செத்துருவேன்!"

சக்கரபாணி பதறி எழுந்தார். "கத்தாதேம்மா! அது வெறும் அரிசிக் கஞ்சி, ஒண்ணும் ஆகாது!"

வாசுகி பேனாவை மூடினார். செல்லக்கனி முந்தானைக்குள்ளிருந்து மூடி திறக்காத பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கஞ்சிக்குப் பாதிக் கம்பெனியா சார்? எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே ஊத்துறேன்."