கரிச்சானோட சொந்தக் குரல்

ஏய், உக்காருங்கப்பா! பேச்சை நிறுத்துங்க! யாரு அங்க இன்னும் முறுக்கு கடிக்கிறது? சத்தம் வராம கடி!

காட்டுக்குள்ள ஒரு குளம். அந்தக் கரையில கரிச்சான் குருவி ஒருத்தன் இருந்தான். வாலு மட்டுந்தான் அவனோடது, குரலெல்லாம் அடுத்தவங்களோடது. மைனா மாதிரி கத்துவான், தவிட்டுக்குருவி மாதிரி கத்துவான்.

மழை விட்டா ஈசல் கிளம்பும்ல? பறவைங்க எல்லாம் வாய் நிறையப் புடிச்சு வெச்சிருக்கும். அந்த நேரம் பார்த்து இவன் மைனா குரல்ல, "பருந்து! பருந்து!"ன்னு அலறுவான். எல்லாம் ஈசலைப் போட்டுட்டுப் புதருக்குள்ள பாயும். தொரை நிதானமா எறங்கி வந்து, தின்னுட்டு ஏப்பம் விடுவாரு. நாளாக ஆக இவன் வேலை எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் கல்யாணமாச்சு. கூட்டுல முட்டை வந்துச்சு. "இனிமே அந்தத் திருட்டு வேலை வேணாம்"னு பொண்டாட்டி சொன்னா. நெசமாவே திருந்திட்டான்.

ஒருநா மழை விட்டு ஈசல் கிளம்பின நேரம். ஒரு சாரைப்பாம்பு விறுவிறுன்னு மரம் ஏறுது. நேரா அவன் கூட்டுக்கு! பொண்டாட்டி இரை தேடப் போயிருந்தா, இவன் ஒத்தையில வெரட்ட முடியாது. அந்தக் காட்டுல பாம்பைக் கண்டா எல்லாருமாச் சேர்ந்துதான் கொத்தி வெரட்டுவாங்க.

"பாம்பு! ஓடியாங்க!"ன்னு கத்தினான். பதட்டத்துல பழைய புத்தி, தவிட்டுக்குருவி குரல்தான் வந்துச்சு!

"ஈசலைக் கெட்டியாப் புடிங்கடி! வந்துட்டான் களவாணி!"ன்னு தவிட்டுக்குருவிங்க கூச்சல் போட்டுச்சு.

மைனா குரல்ல கத்தினான்.

"அட, நான் இங்க இருக்கேன்! என் குரல் மரத்துமேல என்னடா பண்ணுது?"ன்னு கேட்டுச்சு மைனா.

"ஐயோ, சத்தியமா பாம்புங்க!" இப்பதான் சொந்தக் குரல் வந்துச்சு.

"இது யாரு குரல், புதுசா இருக்கு?"ன்னு கேட்டுச்சு மைனா.

"என்னோடதுதான்யா!"

"அப்படியா? நல்லாத்தான் பழகியிருக்க!"

"நான் என்னதான்யா பண்றது!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டான் கரிச்சான். பாம்பு கூட்டுக்குள்ள தலையை விட்டுடுச்சு.

குளத்துப் பாறைமேல கெடந்த ஆமை ஒண்ணு சொல்லிச்சு: "மைனா, உன் ஈசலைக் கீழ போட்டுப் பாரு."

மைனா போட்டுச்சு. கரிச்சான் திரும்பிக்கூடப் பார்க்கல. கூட்டைப் பார்த்தே கதறிக்கிட்டிருந்தான்.

"ஐயய்யோ, நெசந்தான்!"ன்னு கத்துச்சு மைனா.

எல்லாம் பறந்துச்சுங்க. கொத்தின கொத்துல பாம்பு பொத்துன்னு விழுந்து ஓடுச்சு. ஆனா ஒரு முட்டை அதோட வயித்துக்குள்ள போயிடுச்சு.

கரிச்சானுக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. "தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தரும் வரல! ஆமை ஒரு வார்த்தை சொன்னதும் பறந்து வர்றீங்க! இது என்னய்யா நியாயம்?"

தலையை ஓட்டுக்குள்ள இழுக்கப்போன ஆமை, நின்னு சொல்லிச்சு: "பொய்யாவே கத்திப் பழகினவன் நெசமா கத்தினா, அதுக்கு இன்னொருத்தர்தான் வந்து சாட்சி சொல்லணும், தம்பி!"