முக்குளிப்பான் மூடாத கூடு

ஒரு ஊர்ல ஒரு சதுப்புக்காடு. அதுக்கு நடந்த அநியாயத்தை வரிசையாச் சொல்றேன், கேளு. முதல்ல தண்ணி வர்ற வாய்க்காலை அடைச்சாங்க. ரெண்டாவது, கோரைக்குத் தீ வச்சாங்க. மூணாவது, லாரி லாரியா ஓரத்துல மண்ணைக் கொட்டினாங்க. வரிசையை மாத்திராத. மாத்திச் சொன்னா "எதுவுமே நடக்கல"ம்பாங்க. கேக்குறியா?

"ம்."

அப்புறம் ஒரு அதிகாரி வந்தார். கையில பிரம்பு, காலுல முட்டி வரைக்கும் பூட்ஸு. "ஊர்ஜனத்தோட இந்தப் பாதையில நடப்பேன். உசிரோட எதைப் பாக்குறேனோ, அது பேரை எழுதி உங்க முன்னாடியே சத்தமா வாசிப்பேன். ஒண்ணும் இல்லேன்னா மொத்தத்தையும் மண்ணு போட்டு மூடிருவோம்"னார்.

அந்தத் தண்ணியில ஒரு முக்குளிப்பான் இருந்துச்சு. வாத்துக்குஞ்சு மாதிரி சின்னப் பறவை. ஆளைக் கண்டா 'முளுக்'னு முங்கிரும். அதோட கூடு தண்ணி மேலயே மிதக்கும். கூட்டை விட்டு இறங்குறப்பல்லாம் முட்டை மேல பாசியை இழுத்து மூடிரும். பருந்து பாத்தாலும் குப்பைன்னு போயிரும். அதுல அதுக்கு ஏகப்பட்ட பெருமை!

அப்போ அதிகாரி 'சதக்கு சதக்கு'னு நடந்தார். ஒரு மரம் இலையெல்லாம் உதிர்த்துட்டு நின்னுச்சு.

"நீர்க்கடம்புங்க"ன்னா அஞ்சலாட்சி. ஊர்ல வாயாடி அவ.

"விறகும்மா இது"ன்னுட்டார்.

அப்புறம் தவளைங்க. 'கொர்ர் கொர்ர்'னு கத்திட்டிருந்ததுங்க பூட்ஸு சத்தம் கேட்டதும் கப்சிப்.

"தவளைங்க அய்யா!"ன்னா அவ.

"உன் வயித்துச் சத்தம். காலையில சாப்பிடலையா?"

ஜனங்களுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் மூணாவதா அந்தக் கூடு. "பாருங்க, வெறும் குப்பை"ன்னு கவுத்துவிடப் பிரம்பை ஓங்கினார். முக்குளிப்பான் தண்ணிக்குள்ளேர்ந்து பாக்குது. மேல பருந்து வட்டம் போடுது. 'நல்லா ஒளிஞ்சோம்னு மெச்சிக்கிட்டேனே, அதையே சாக்கா வச்சு இல்லேங்குறானே!'ன்னு அதுக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம்.

'பொளக்!'

அத்தனை பேர் பாக்க மேல வந்துச்சு. 'சளார்'னு ரெக்கையை அடிச்சதுல அதிகாரி மூஞ்சி பூரா சேறு! கூட்டுல ஏறி, மூடின பாசியைத் தானே ஒவ்வொண்ணா உருவிப் போட்டுச்சு. முட்டை பளிச்சுனு தெரிஞ்சுச்சு. அது மேல உக்காந்து, 'யாருய்யா நீ?'ங்குற மாதிரி அவரையே முறைச்சுது.

"அது... யாரோ வச்ச கோழி முட்டை"ன்னார்.

"உங்க ஊர்க் கோழி தண்ணி மேலயா குடித்தனம் நடத்துது?"ன்னா அஞ்சலாட்சி. கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. "பேரை வாசிங்க!"

அவர் முணுமுணுத்தார்.

"கேக்கல!"

கொஞ்சம் சத்தமா வாசிச்சார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல!"

"அப்புறம்?"

கதை கரையேறப் போகுது, நீ கண்ணை மூடு. மூடுனாத்தான் சொல்வேன். மூடிட்டியா? அப்போ அதிகாரி சேத்தை வழிச்சுப் போட்டுட்டு, தொண்டையைச் செருமிக்கிட்டு, ஊரே கேக்க வாசிச்சார்:

"இங்கே குடியிருப்பது... முக்குளிப்பான்!"